அவள் மேல் நின்ற சைக்கிள்

செய்தி வந்தபோது நாற்றங்காலில் நின்றிருந்தேன். "அண்ணே, ஆரோக்கியசாமி அண்ணன் போயிட்டாரு" என்று போனில் சொன்னவர் அவருடைய கோவில் நிர்வாகத்தைச் சேர்ந்த சார்லஸ். போயும் போயும் அந்த வாயிலிருந்தா இதைக் கேட்க வேண்டும்?

திருவையாறு–கும்பகோணம் தடத்தில் ஆரோக்கியசாமி டிரைவர், நான் கண்டக்டர். எங்கள் பஸ்ஸில் வந்தவர்களுக்கு நினைவிருக்கும், அவர் ஊர் மாதா கோவிலைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கமாட்டார். "தூங்குறவங்க தூங்கட்டும்" என்பார். பழைய கோவில் அது. ஒரு புயலில் கூரை போய், நாலு சுவரும் அதில் முளைத்த அரசங்கன்றுகளும்தான் மிச்சம். சுவர்களுக்குள்ளே ஊராரின் கல்லறைகள். அவர் மனைவி லூர்துமேரியும் அங்கேதான் இருந்தார்.

ஓய்வுபெற்றபின் மகளின் பிரசவத்துக்காக அயர்லாந்து போனார். மகள் அங்கே நர்ஸ். ஒருநாள் வீடியோ காலில் ஓர் இடிந்த கோவிலைக் காட்டினார். "எழுநூறு வருஷத்துக் கோவிலாம்யா. நம்ம ஊரு மாதிரியே மொட்டைச் சுவரு. ஆனா புல்லை வெட்டி எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான் பாரு! இன்னிக்கும் செத்தவங்களை இங்கதான் புதைக்கிறாங்க. வந்ததும் நம்ம கோவிலையும் சுத்தம் பண்ணிப்புடணும்." அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அடுத்த வாரமே இங்கே கோவில் சுவர்களை இடிக்க ஜேசிபி வந்தது. நான் போய்க் கத்தினேன். "நீங்க நம்ம கோவில் ஆளு இல்லையேண்ணே" என்றார் சார்லஸ்.

ஆரோக்கியசாமி திரும்பி வந்தபோது அங்கே இருந்தது, வேளாங்கண்ணி போகும் வண்டிகளுக்கான பார்க்கிங். கல்லறைகள் மேல் சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள். இறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கல்வெட்டு.

"பேரைப் போட்டுட்டோமேண்ணே" என்றார் சார்லஸ்.

"பேரு எனக்கு மறக்கலைப்பா" என்றார் ஆரோக்கியசாமி.

கிணற்றையும் வேப்பமரத்தையும் வைத்து மனைவியின் இடத்தைக் கண்டுபிடித்து எனக்கும் காட்டினார். அன்றுமுதல் தினமும் விடிந்ததும் தன் சைக்கிளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துவார். இருட்டியபின்தான் எடுப்பார். "அவ மேல வண்டி ஏறக்கூடாதுய்யா." காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், அதன்பின் எங்கு போனாலும் நடந்தே போனார்.

அவளுக்குப் பக்கத்திலேயே தன்னையும் வைக்கச் சொல்லியிருந்தார். புறவழிச்சாலை ஓரம் புதுக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். "நம்ம கோவில் மேல உசுரையே வச்சிருந்தவரு" என்று மைக்கில் அழுதார் சார்லஸ்.

சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த இடம் எது என்பதும் இனி எனக்கு மட்டும்தான் தெரியும். நினைவுக் கூட்டத்தன்று முதல் ஆளாகப் போய் அங்கே நிறுத்தினேன். சார்லஸ் ஓடிவந்தார்.

"அண்ணே, சைக்கிளை ஓரமா போடுங்க. ஆரோக்கியசாமி அண்ணனுக்கு மாலை போட வர்றவங்க காரு விடணும்."

பூட்டிவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.