முன் இருக்கை

படகுக் கொட்டகையில் எல்லோரும் அவளைத் துடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்காலத்தில் கடற்பசுக்கள் கதகதப்பு தேடி ஆற்றோரத்து ஊற்றுக்கு வரும். அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் அழைத்துப் போய், காட்டிவிட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. கேட்பதற்குச் சொகுசாகத்தான் இருக்கும். அவள் தோள்பட்டையைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

சொகுசுக் கதையை முழுதாக நம்பியவள் அவளுடைய நாத்தனார். "அண்ணிக்கென்ன, நாள் பூரா தண்ணில மிதக்கிறாங்க" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். மிதந்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே மாமியார். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பிறகு எழுந்து நடக்கவேயில்லை. குளிப்பாட்டி, துணி மாற்றி, ராத்திரி கூப்பிடும்போதெல்லாம் எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, விடிந்தால் மறுபடி துடுப்பு. கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்தால் முகம் சுளிக்காமல் செய்வான், ஆனால் இருப்பதுதான் அபூர்வம்.

மாமியார் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. அலுப்புதான், எலும்பு வரைக்கும் இறங்கிவிட்ட அலுப்பு. மகள் தன் அம்மாவைக் கொஞ்ச நாள், ஒரு இரண்டு மாதம், கூட்டிப்போய் வைத்துக்கொண்டால் போதும். இதைக் கேட்க நினைத்து நினைத்தே வருஷம் ஓடிவிட்டது. போனில் நாத்தனார் "அம்மா எப்படி இருக்காங்க அண்ணி?" என்பாள். "நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்லித் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்வாள் துடுப்பக்கா. படகேற வரும் விருந்தாளிகளிடம் பூசி மெழுகிப் பேசிப் பழகிய வாய் அது.

குளிர் கூடிய ஒரு வாரத்தில் நாத்தனார் அம்மாவைப் பார்க்க வந்தாள். துடுப்பக்காவின் கணவன் அன்று சாயங்காலம்தான் லோடு ஏற்றப் போகவேண்டும். அதுவரை அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கொட்டகையிலும் அன்று மதியம் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. இதை விட்டால் வாய்க்காது என்று நாத்தனாரை அழைத்துக்கொண்டு போய், இருவர் உட்காரும் கயாக்கை இறக்கினாள்.

"இந்த மிதவை ஜாக்கெட்ல ரொம்ப குண்டாத் தெரியறேன் அண்ணி."

"நாம பாக்கப் போறதே கடற்பசு. அது பக்கத்துல நீ ஒல்லிதான்."

பழக்கமில்லாதவரை முன்னால் உட்காரவைப்பது கொட்டகை வழக்கம். முன்னால் வேடிக்கை, பின்னால் பாரம். ஊற்றிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே வருவதால் போகும்போது முழுக்க எதிரோட்டம். முன் இருக்கைக்காரர் துடுப்பால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருப்பார். படகு நகரும். தான்தான் ஓட்டுகிறோம் என்று பூரித்துப்போவார். வழிகாட்டிகள் யாரும் அதைத் திருத்துவதில்லை. ஆள் சந்தோஷமாகக் கரையேறினால் சரி.

நாத்தனாரும் தட்டினாள். கட்டை மேல் வெயில் காய்ந்த ஆமையையும், கரையில் மீனைக் கடித்துக்கொண்டிருந்த நீர்நாயையும் பார்த்தாள். "எனக்கு வந்துடுச்சு பாத்தீங்களா? இதுல என்ன கஷ்டம்?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அம்மா முகம் தெளிவா இருக்கு. நீங்க இருக்கறதால எனக்கு ஒரு கவலையும் இல்ல அண்ணி" என்றாள்.

மனசாரச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் துடுப்பக்காவின் கைகள் ஓய்ந்துவிட்டன. திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. துடுப்பை மடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

படகு நின்றது. பிறகு பின்னால் நழுவத் தொடங்கியது. நாத்தனார் வேகவேகமாகத் துடுப்பு போட்டாள். தண்ணீர் தெறித்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன அண்ணி, கரையில மரமெல்லாம் முன்னால போகுது?"

"நான் துடுப்பு போடலம்மா."

"ஏன்?"

"முடியல."

சட்டென்று திரும்பினால் படகு கவிழும் என்று கரையிலேயே சொல்லியிருந்ததால் நாத்தனார் திரும்பவில்லை. முதுகுதான் தெரிந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

"அம்மாவை ரெண்டு மாசம் நீ கூட்டிட்டுப் போ. அவங்க மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. எனக்குத் தூக்கமில்ல. உடம்பு கேக்க மாட்டேங்குது. இதை உங்கிட்டக் கேக்கவும் தெரியல."

நாத்தனார் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். படகு ஒரு மர வேரில் முட்டி நின்றது. கேட்டிருக்கக் கூடாதோ என்று துடுப்பக்காவுக்குத் தோன்றியது. இனி நாத்தனார், மாமியார், கணவன் மூன்று பேருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது?

அப்போதுதான் படகுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம். இரண்டு மூக்குத் துளைகள் மேலே வந்து மூடிக்கொண்டன. சாம்பல் நிறத்தில், பழைய தழும்புகளோடு, பெரிய முதுகு ஒன்று அவர்களுக்கு அடியில் மெல்ல நகர்ந்து ஊற்றுப் பக்கம் போனது.

"அதுவா?" என்றாள் நாத்தனார், குரலே எழும்பாமல்.

"அதுதான்."

வழக்கமாக அதன் எடை, தீனி, ஆயுசு என்று ஒப்பிப்பாள். இன்று அதற்கும் தெம்பில்லை.

திரும்பும்போது ஓட்டமே படகைக் கொண்டுவந்தது. கரையில் துடுப்பக்கா இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் எழுந்திருக்கவில்லை. நனைந்த மடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ராத்திரி அம்மா எத்தனை தடவை கூப்பிடுவாங்க அண்ணி?"

ஒண்ணு ரெண்டு தடவை என்ற பதில் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. துடுப்பக்கா அதை விழுங்கினாள்.

"எண்ணினதில்லம்மா. கூப்பிட்டா எழுந்துக்குவேன்."

நாத்தனார் தன் துடுப்பை அவளிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நான் அம்மா பக்கத்துல படுத்துக்கறேன். நீங்க பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க. காலைல எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிடறேன்."

துடுப்பக்கா சரி என்று தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது எப்படி என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது.