மாதா மைதானத்துக்குப் போன சனிக்கிழமை

என் அக்கா எந்தக் கூத்தைத் தொடங்கினாலும் அதற்குள் என்னையும் இழுத்துவிடுவாள். கல்லூரியின் ஆண்கள் ஃபுட்பால் அணியில் சேர்ந்த முதல் பெண் அவள் என்று இன்றைக்கு எங்கள் சனம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. சொல்லட்டும். அந்தப் பெருமைக்காக ஒன்பது வயதில், மொன்ரியல் குளிரில், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருந்தவள் நான். அதை ஒருவரும் சொல்வதில்லை.

அது காலால் பந்தை உருட்டி விளையாடும் ஃபுட்பால் அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, மாடு மாதிரி வளர்ந்த பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துகிற அமெரிக்க ஃபுட்பால். அதில் பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அக்கா அந்த ஆளுக்கு மாற்று ஆள். அவனுக்கு ஏதாவது நடக்கும்வரை இவள் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருக்க வேண்டும். வீட்டில் இது எதுவும் தெரியாது. காயம்பட்ட பையன்களுக்குக் கட்டுப் போடப் போகிறாள் என்று அம்மா நம்பியிருந்தாள். நம்பியதோடு நிற்காமல், மகள் பாதி டொக்டர் மாதிரி என்று கோயிலில் சொல்லியும் வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அக்கா ஹெல்மெட்டைக் கார் டிக்கிக்குள் மறைத்து வைத்திருந்தாள். அது தெரிந்த ஒரே பாவி நான்.

ஒக்டோபர் மாதம் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சொரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். அன்றைக்கு யாருடைய முறையோ அவர்கள் முதல்நாள் வைத்திருந்த வீட்டுக்குப் போய் மாதாவைக் கூட்டிவர வேண்டும். வழியில் மாதாவைக் கீழே வைக்கக் கூடாது, தனியே விடக் கூடாது, வீட்டுப் பிள்ளை ஒன்று மடியில் வைத்திருக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. எங்கள் முறை ஒரு சனிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு வேலை. அம்மா நாற்பது பேருக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆகவே கர்க்லாண்டில் இருக்கும் மாமி வீட்டிலிருந்து மாதாவை நாலு மணிச் செபத்துக்கு முன் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு அக்காவுக்கும் எனக்கும். காரில் பத்து நிமிடம்கூட ஆகாது.

அன்று காலையில்தான் பயிற்சியாளர் அக்காவைக் கூப்பிட்டார். உதைக்கிற பையனுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். ஆட்டம் ஒரு மணிக்கு. அக்கா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"இண்டைக்கு என்னை இறக்கப் போகினம். இதை விட்டா எனக்கு இப்பிடியொரு நாள் வராதடி."

வராவிட்டால் எனக்கென்ன என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கே மாமி வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"என்ன பிள்ளையள், ரெண்டு மணிக்கெண்டு சொல்லிப்போட்டு இப்பவே வந்து நிக்கிறியள்?"

"ரோட்டு வேலை நடக்குது மாமி, சுத்திப் போகோணும்" என்றாள் அக்கா. வருடம் முழுக்க ரோட்டைக் கிண்டிக்கொண்டிருக்கும் மொன்ரியலில் இந்தப் பொய்யை எவரும் சந்தேகிக்க முடியாது. மாமி மாதாவை என் மடியில் வைத்து, "வீட்டை போய்ச் சேருமட்டும் இறக்கப்படாது, விளங்கிச்சோ?" என்றாள்.

மைதானத்தில் படிக்கட்டு இருக்கையொன்றில் என்னை உட்கார்த்திவிட்டு, கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி அக்கா ஓடிவிட்டாள். கொஞ்ச நேரமாம்! காற்று காதை அறுத்தது. மாதாவோ சுண்ணாம்புச் சொரூபம், பனிக்கட்டி போலக் குளிர்ந்தாள். பையன்கள் விழுந்தார்கள், எழும்பினார்கள், மறுபடி விழுந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. யாராவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால்தானே, கூடுதலாக ஒரு புள்ளிக்கு உதைக்க அக்காவைக் கூப்பிடுவார்கள். பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் பெண்மணி, யாரோ ஒரு பையனின் தாய், இரக்கப்பட்டுச் சூடான சொக்லேட் தந்தாள். குடித்தேன். அதுதான் வினை.

நாலு மணியளவில் இனி முடியாது என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அந்தப் பெண்மணியிடம் கெஞ்சினேன். அவள் சிலுவை போட்டுவிட்டு, மாதாவைக் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டாள். நான் ஓடினேன். உள்ளே இருக்கும்போது முதலில் ஓர் ஆரவாரம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அதைவிடப் பெரிதாய் இன்னொன்று. திரும்பி வந்து பார்த்தால் சனமெல்லாம் எழுந்து நிற்கிறது. பிரெஞ்சுப் பெண்மணி எங்கள் மாதாவை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளுகிறாள். கீழே அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பையன் ஒருவன் கோட்டைத் தாண்டி ஆட்டத்தைச் சமப்படுத்த, அதற்குப் பிறகு அவள் உதைத்த அந்த ஒரு புள்ளிதான் வென்று கொடுத்தது.

காரில் அவள் வாய் ஓயவில்லை. "நடுவாலை போனது. நேரா நடுவாலை. நீ பாத்தனியோ?"

"இல்லை."

"எங்கை போனனி?"

"மூத்திரத்துக்கு!" என்று கத்தினேன். "எல்லாம் உன்னாலைதான்!"

அக்கா காரின் வேகத்தைக் கூட்டினாள். பிறகு, "மாதாவை விட்டிட்டுப் போனதை வீட்டிலை சொல்லிப்போடாதை. அம்மா உன்னை அடிச்சே கொண்டுபோடுவா" என்றாள்.

வீட்டுக்குப் போகும்போது ஐந்து மணி. வாசல் முழுக்க வந்தவர்கள் கழற்றிவிட்ட சப்பாத்து. கர்க்லாண்ட் மாமி அதே ரோட்டால் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்து, ரோட்டு வேலை ஒன்றுமே இல்லை என்பதையும் அறிவித்து முடித்திருந்தாள். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வெயில் கூசாமலிருக்க விளையாட்டுக்காரர் கண்ணுக்குக் கீழே பூசும் கறுப்பு மையை அந்த மகாராணி அழிக்க மறந்துவிட்டாள்.

"இதென்ன முகத்திலை கரி?"

அக்கா அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அணி, ஹெல்மெட், ஒரு வருடப் பொய், இன்றைக்கு இறங்கிப் பந்தை உதைத்தது, எல்லாம்.  என் கையிலிருந்து மாதாவை வாங்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் பொய் சொல்லாத பிள்ளை என்பது அவளுடைய எண்ணம். ரகசியம் போல மெல்லக் கேட்டாள்.

"பந்து நடுவாலை போச்சுதோ?"

எனக்குப் பசி. கால் விறைத்து, கை உளைந்து போயிருந்தது. அவ்வளவுக்கும் காரணமானவள் முன்னால் நிற்கிறாள். "இல்லை. வெளியாலை போனது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"மாதாவோடை விளையாடினா வேறை என்ன நடக்கும்?" என்றாள் மாமி. சனம் தலையாட்டியது. அம்மாவின் முகம் சட்டென்று வாடிப்போனது. மாதாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா முகத்தைக் கழுவிவிட்டு வந்து கடைசி வரிசையில் முழந்தாளிட்டாள்.

அடுத்த கிழமை அந்தப் பையனின் கணுக்கால் சுகமாகிவிட்டது. அக்கா மறுபடி வாங்குக்குப் போனாள். படித்து முடிக்கும்வரை அவளை இன்னொரு தடவை இறக்கவில்லை. கோயிலில் இப்போதும் சொல்வார்கள்: முதல் பெண் பிள்ளை, ஒரேயொரு சந்தர்ப்பம், பாவம், பந்து போகவில்லை. அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். அக்கா பக்கத்தில் இருந்தால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். நானும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அவள் என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவள் பார்க்கவேயில்லை, மாதாவை யாரோ ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடியவள் என்று. அது அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது. பிடிபட்ட வெட்கத்தில் வாயடைத்துப் போனாள் என்றுதான் ஒன்பது வயதில் நினைத்தேன். அவளை நன்றாக வென்றுவிட்ட சந்தோஷத்தில் அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.