அரசர் எழுதிய ‘அத்தான்’

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அக்கா அதிர்ந்து பேசாதவர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அக்கா அதிர்ந்துதான் பேசுவார். தம்பி நான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா?

பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவர் அக்கா. ஜப்பான்காரன் காலத்தில் அம்மா போய்விட்டார். பள்ளிக்கூடமும் நின்றது. மரவள்ளிக்கிழங்கை அவித்து எனக்கும் அப்பாவுக்கும் கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று சொன்ன பிள்ளை அவர். சண்டை ஓய்ந்ததும் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கூச்சமில்லாமல் வகுப்பில் உட்கார்ந்து படித்து முடித்து, ஆசிரியையானார்.

அவர் படித்த கான்வென்டில் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி மாலையில் தம் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். அதில் கடைசிவரை நின்றவர்கள் இருவர்தான். ஒருவர் அக்கா. இன்னொருவர் சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடைக்காரரின் மகள் ஜைனப் அக்கா. பிராஸ் பசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் இருவரும் சில தடித்த தொகுதிகளைப் பிடித்துவந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அரசவைகளில் எழுதப்பட்ட கடிதங்கள் அவை. சனிக்கிழமை தோறும் துணிக்கடை மாடியில் அவற்றைப் படிப்பதே வேலை. ஒருமுறை கப்பலில் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் கடையில் வழி கேட்டார். ஜைனப் அக்கா சொன்ன பதிலைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாராம். ராணியிடம் பேசும் பிரெஞ்சைத் தவிர இவர்களுக்கு வேறு பிரெஞ்சு தெரியாதே!

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தமிழ்ச் சங்கம் அக்காவைப் பேச அழைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “கல்யாணம் ஆகாத பிள்ளை, வெள்ளைக்காரன் அரமனைக் கதையைச் சபையில போய்ப் பேசுறதா? சரி, இந்த ஒரு தடவை பேசு. யாராவது சிரிச்சாங்கன்னா அதோட இந்தப் படிப்பு, மாடி எல்லாத்தையும் நிறுத்திடணும்” என்றார். அக்கா ஒப்புக்கொண்டார். அக்கா சொன்ன சொல் மாறமாட்டார் என்பதுதான் எனக்குப் பயம்.

அன்று ஓர் அரசர் தம் கிழட்டுத் தளபதிக்கு எழுதிய கடிதத்தைத் தமிழாக்கி வாசித்தார். அதன் தொடக்கச் சொல்லுக்கே இருவரும் ஒரு மாதம் சண்டை போட்டிருந்தார்கள். ‘மச்சான்’ என்று போடச் சொன்னார் ஜைனப் அக்கா. அது தெருப்பேச்சு, அரசருக்கு ஆகாது என்று அக்கா வேறு சொல் போட்டார். மேடையில் நிமிர்ந்து நின்று வாசித்தார்: “என் அன்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு...”

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “ஏம்மா, அந்த ராஜா ஆம்பளையா, பொம்பளையா?”

சபை வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அக்கா தாளைக் கீழே வைத்தார். “சிரிச்சு முடிச்சீங்களா? நல்லது. இப்ப நீங்களே ஒரு சொல் குடுங்க. அத்தை மகன், மாமன் மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன், எல்லாருக்கும் அந்த ஊர்ல ஒரே சொல்தான். ஒட்டு உறவே இல்லாத தளபதியையும் மரியாதைக்காக ராஜா அதே சொல்லாலதான் கூப்பிடுவாரு. நம்ம தமிழ்ல என்ன போடலாம்?”

சபை இரண்டுபட்டது. ‘சகோதரா’ என்றார் ஒருவர். ‘பங்காளி’ என்றார் இன்னொருவர்.

“பங்காளின்னா சொத்துச் சண்டை வந்துரும் லா!” என்றது ஒரு குரல்.

“வந்துச்சே!” என்றார் அக்கா. “ஐரோப்பா முழுக்க வந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன், உக்காருங்க.”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா, “சிரிச்சுட்டாங்கப்பா. நிறுத்திடுறேன்” என்றார். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ரெண்டாவது தடவை நானும்தான் சிரிச்சேன். நானே சிரிச்சுட்டு உன்னை எப்படிம்மா நிறுத்தச் சொல்றது? போ, போய்ப் படி” என்றார்.

ஜைனப் அக்கா கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனபின் அவர்கள் படிப்பு தபாலில் நடந்தது. அக்கா கல்யாணம் வேண்டாம் என்றார். அதைப்பற்றி நான் மேலும் எழுதினால் கனவில் வந்து திட்டுவார்.

கடைசி மாதங்களில் மருத்துவமனையில் அப்பா பிற்பகல் முழுக்க அக்காவின் பக்கத்திலேயே இருந்தார். “உன் ராஜா கதையைச் சொல்லும்மா” என்று அவரே கேட்பார். வேற்று நாட்டுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட ஓர் இளவரசியின் கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். எல்லையில் அவளுடைய சொந்த ஊர் உடைகளைக்கூடக் களைய வைத்தார்கள் என்றதும், “பெத்தவங்க குடுத்த துணியையுமா?” என்று அப்பா கோபப்பட்டார். தாய் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள் என்று சொல்லும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “மக பதில் போட்டாளா, இல்லையா?” என்றார் அப்பா. “நாளைக்குச் சொல்றேன்பா.” அன்று மாலையே அக்கா போய்விட்டார்.

எங்கள் அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சோறு சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கண்ணீரோடு வந்து நின்ற மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் மேலாக ஜைனப் அக்காவுக்கு. காரியம் முடிந்த மறுநாளே அப்பா அவருக்கு எழுதிக் கேட்டார், அந்தப் பெண் பதில் போட்டாளா என்று. அன்றிலிருந்து பினாங்கிலிருந்து கதை வந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான் மீதி, அடுத்த கடிதத்தில் முடித்துவிடுகிறேன் மாமா என்று போன மாதம் எழுதியிருந்தார்.

அப்பா அன்றே பதில் போட்டார். “அவசரப்படாதேம்மா. மெதுவா எழுது.”