சிங்கக் கொடிக்குப் பின்னால் என் பேத்தி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சிரித்துக்கொண்டே எழுதுகிறாள், அவளுக்கும் இதில் பங்கு உண்டு.

அஜ்மானில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி காலேஜில் அரசியல் படிக்கிறாள். அதிலும் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் உள்ள உறவைத் தனிப்பாடமாகப் படிக்கிறாளாம். இரண்டு சம்பந்திகளைச் சேர்த்து வைக்கவே ஊரில் நாலு பேர் வேண்டும், இது எப்படியோ!

மீனவர் பிரச்சினையைப் பற்றி காலேஜ் போட்டியில் பேசப்போவதாகச் சொல்லி, நான் மீன் ஆயும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கே மீன் ஐஸில் கிடந்து ருசி செத்துப் போகிறது, அது வேறு கதை.

"அப்பத்தா, தாத்தா போட் எல்லை தாண்டிப் போகுமா?"

"போகாம? கோடு என்ன தண்ணியிலயா போட்டுருக்கு, ஆத்தா?"

ரெட்டமடியையும் சொன்னேன். இரண்டு விசைப்படகு சேர்ந்து ஒரே வலையை இழுத்தால் குஞ்சும் முட்டையும் அடிமண்ணோடு வந்துவிடும். கூடாது என்றாலும் எங்கள் ஊரில் இழுப்பார்கள். வெளியாரிடம் பேசுகிற பேச்சா இது? என் தம்பியைப் படகோடு பிடித்துப்போய் இலங்கைச் சிறையில் வைத்த கதைக்கு அவள் கண் கலங்கியது. நம் ஆட்களுக்காகப் பேசப் பேத்தி வந்துவிட்டாள் என்று பூரித்துப்போனேன்.

காலேஜ் மண்டபத்தில் பட்டுச்சேலையோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஐ.நா. சபை மாதிரி நாட்டுக்கு நாடு வாதாடுகிற போட்டியாம், பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பெயர்ப்பலகையும் சின்னக் கொடியும். பலகையை நான் எங்கே படிக்க? ஆனால் பேத்தியின் கொடியில் சிங்கம் வாளோடு நின்றது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்தக் கொடி தெரியாதா?

"பாப்பா எடம் மாறி உக்காந்துட்டாளா?"

"இல்லத்தே. குலுக்கிப் போட்டதுல அவளுக்கு இலங்கைதான் வந்துச்சு," என்றாள் மருமகள், என் முகத்தைப் பார்க்காமல்.

பேச்செல்லாம் இங்கிலீஷ். நடுவில் 'ரெட்டமடி' மட்டும் தமிழில் வந்து விழுந்தது, நான் இழுத்துச் சொல்கிற மாதிரியே. நாங்கள் எல்லை தாண்டுகிற கதையும் வந்ததாம், மருமகள் சொன்னாள். என் தம்பி கதை மட்டும் வரவில்லை. கைதட்டல் ஓயவில்லை. இந்தியாவாக உட்கார்ந்திருந்த மலையாளத்துப் பையன் காகிதத்தைப் புரட்டிப் புரட்டித் தண்ணீர் குடித்தான். பாவம், அவனுக்கு ஒரு அப்பத்தா இல்லை.

"அப்பத்தா, உன்னாலதான் ஜெயிச்சேன்!"

"தெரியுது. எங்க வாயப் புடுங்கி எங்களையே காட்டிக் குடுத்துட்டியே."

"அய்யோ, அது சும்மா ரோல். எந்த நாடு வந்தாலும் அதுக்காகப் பேசணும். அதான் படிப்பு."

"பேசு. எந்தப் பக்கம்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வாயத் தொறந்திருப்பியா?"

திறந்திருக்க மாட்டேன்தான். அது தெரிந்தே கேட்டிருக்கிறாள். நம் பக்கம் தோற்றதைவிட அதுதான் உறுத்துகிறது.

அடுத்த வாரம் துபாயில் அடுத்த சுற்று. அதே இரண்டு பேர், அதே கொடிகள். "அப்பத்தா, அவன் என்ன கேட்டா நான் மாட்டுவேன்?" என்று நேற்று வந்து கொஞ்சினாள்.

"மாஃபி," என்றேன், அரபியில் இல்லை என்று கையை விரிக்கிற இந்த ஊர்க் கடைக்காரர் மாதிரி. "அந்த மலையாளத்துப் பையனை ஒருநா சாப்பிடக் கூட்டிட்டு வா, ஆத்தா. மீன்கொழம்பு வைக்கிறேன். என் தம்பி கதைய அவனுக்குச் சொல்லணும்."