நகராத சனி

பாஸ்தேன் பெயரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கிறது. எங்கள் எல்கி பள்ளத்தாக்கில் சுற்றுலாக்காரர்களுக்கு வானத்தைக் காட்டிப் பிழைக்கும் முதலாளி அவன். நான் அவனுக்கு வேன் ஓட்டுகிறேன். அவன் தரும் சம்பளத்தில் தின்றுகொண்டுதான் இதைச் சொல்கிறேன் என்பதால் என்மீதும் எனக்கு அருவருப்புதான்.

அவனிடம் தொலைநோக்கியருகே நின்று கோள்களைக் காட்டுபவள் எதுவினா. முப்பது வருடம் திராட்சைக் கொட்டகையில் பெட்டி அடுக்கியவள். மாலையில் வீட்டு முற்றத்தில் பழைய தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி, நிலாவின் குழிகளையும் வியாழனின் பட்டைகளையும் நோட்டில் வரைவாள். வடக்கு நாட்டில் அச்சடித்த நிலாப் படத்தைச் சுவரில் தலைகீழாக ஒட்டியிருக்கிறாள். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு நிலா அப்படித்தான் தெரியும். மேகம் மூடினால் 'மேகம், பார்க்கவில்லை' என்று எழுதி மூடிவிடுவாள். பார்க்காததை ஒரு கோடுகூட வரைந்ததில்லை.

அவள் அக்கா நோல்ஃபாவுக்கு எண்பது வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பல வருடம் காத்திருந்தாள். "கண்ணு வந்ததும் சனியோட வளையத்தக் காட்டுறேன்க்கா" என்று எதுவினா சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் வந்தது. பாழாய்ப்போன அந்த வருடம் பார்த்து, சனி வளையத்தின் விளிம்பை நம் பக்கம் திருப்பிவிட்டது. நூல் போலத்தான் தெரிந்தது. பயணிகள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

நவம்பரில் ஒருநாள் இருட்டியதும் நோல்ஃபாவை வேனில் கூட்டிவந்தேன். எதுவினா தொலைநோக்கியில் சனியைப் பிடித்து வைத்துவிட்டு, அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவர வேனுக்கு வந்தாள். திரும்பிப் போனபோது தொலைநோக்கியருகே பாஸ்தேன் நின்றிருந்தான், பயணிகள் வரிசையில் காத்திருந்தார்கள். நோல்ஃபாதான் முதலில் குனிந்தாள்.

"அம்மாடி, எவ்வளவு அகலம்" என்றவள் அழுதுவிட்டாள்.

எதுவினாவின் முகம் மாறியது. பின்னால் ஐந்து பேர் பார்த்து முடித்தார்கள். எங்கள் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. நிமிடத்துக்கு ஒருதரம் குழாயை இடப்பக்கம் தள்ளாவிட்டால், வானம் நகர்வதால் கோள் பார்வையிலிருந்து நழுவிவிடும். அன்று அவள் குழாயைத் தொடவே இல்லை, ஆனாலும் ஒருவரும் 'காணோம்' என்று சொல்லவில்லை.

எதுவினா கண் வைக்கும் கண்ணாடியைப் பிடுங்கினாள். உள்ளே நகமளவு சனிப் படம், பின்னால் கடுகளவு பல்பு.

"என்ன முதலாளி இது?"

"காசு குடுத்து வந்தவங்க ஏமாந்து போகணுமா? எல்லாரும் சந்தோஷமாத்தானம்மா இருக்காங்க."

அவன் காலடியில் துப்பினாள். "அந்தப் படத்தையே திரும்ப வைங்க, போட்டோ எடுத்துக்கிறோம்" என்றது வரிசை.

அவன் அதை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தொலைநோக்கிக்குப் போனான். வரிசையும் பின்னாலேயே போயிற்று. எதுவினா வேறு கண்ணாடி மாட்டி நிஜச் சனியைப் பிடித்தாள். நோல்ஃபா பார்த்தாள்.

"வளையம் எங்கடி?"

"இந்த வருஷம் இவ்வளவுதான்க்கா. அந்த மாதிரி அகலமாத் தெரிய ஏழு வருஷம் ஆகும்."

"ஏழு வருஷத்துக்கு நான் எங்கடி இருக்கப்போறேன்? நீ வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

பக்கத்துத் தொலைநோக்கியருகே பாஸ்தேன் சிரித்துக்கொண்டு நின்றான். ஆனாலும் நோல்ஃபா கண்ணை எடுக்கவில்லை.

"எடி, போயிடுச்சு. காணோம்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

எதுவினா குழாயை இடப்பக்கம் தள்ளினாள்.