வெதுருகுப்பம் கிணற்று ஷாட்

பாசித் தண்ணீரும் பம்ப்செட் டீசலும் கலந்த வாசனை... வெதுருகுப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு, நடுவில் ஆழமான பாசனக் கிணறு. உச்சி வெயில் நேராக உள்ளே இறங்குகிற அரை மணி நேரத்துக்காகக் காலையிலிருந்து காத்துக் கிடந்தோம்.

நான் ஒளிப்பதிவாளனாக வேலை செய்த இரண்டாவது படம் அது. தெலுங்குப் படம். எனக்குச் சொந்த ஊர் சித்தூர் என்பதால் அந்தக் கிணற்றைத் தேடிப் பிடித்ததும் நான்தான்.

கதாநாயகி கிணற்றில் விழுந்து மூழ்க வேண்டும். நடிகைக்கு நீச்சல் தெரியாது. அவருக்குப் பதிலாகக் குதிக்க அதே ஊர் ராஜம்மாவைக் கூட்டி வந்தோம். சின்ன வயதிலிருந்து கிணறுகளில் நீந்திப் பழகியவர். பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆள்.

புடவையைக் கையில் கொடுத்ததும்தான் முகம் மாறியது.

"இவ்ளோ பெரிய சீலையா? கால சுத்திக்கும் தம்பி..."

"ஒரே ஷாட்டுதான்கா. குதிச்சு, ரெண்டு வாட்டி முழுகி எந்திரிச்சு கைய ஆட்டுங்க, போதும். கேமராவ மட்டும் பாக்காதீங்க."

சொன்னது நான்தான். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அவர் கணவர் முனிரத்னம் கயிற்றோடு கிணற்று மேட்டில் நின்றார். டைரக்டர் அவரைத் தெலுங்கில் எச்சரித்தார். தன் வாயிலிருந்து 'கட்' வரும்வரை யாரும் அசையக் கூடாதாம். முனிரத்னம் தலையாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

ஃபிலிமில் எடுத்த காலம். எங்களிடம் மானிட்டர் கிடையாது. மேலே நிற்கிறவர்களுக்குத் தண்ணீரில் ஏதோ ஒரு உருவம் தெரியும், அவ்வளவுதான். முகம் தெரிவது ஜூம் லென்ஸில் கண் வைத்திருக்கும் எனக்கு மட்டும்.

ராஜம்மா குதித்தார். முழுகினார், எழுந்தார். மறுபடி முழுகினார். வெயில் பட்டுத் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்தப் பச்சைக்குள் சிவப்புப் புடவை விரிந்து மிதந்தது. எவ்வளவு அழகு என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன்... அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது முறை முகம் மேலே வந்தபோது, அவர் நேராகக் கேமராவைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை தடவை சொல்லியும் பார்க்கிறாரே, ஷாட் போச்சே என்று.

அந்தக் கண்கள் நகரவில்லை. வாய் திறந்தது, தண்ணீர் உள்ளே போனது. கண் மட்டும் என்னிடமே இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைக் கூப்பிடுகிறார்...

பக்கத்தில் டைரக்டர், "சூப்பர்... சூப்பர்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். 'கட்' சொல்வது அவர் உரிமை. வேலை போய்விடுமே என்று ஒரு பயம். அந்தப் பெண் போய்விடுவாரே என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"கட்! கட்!" என்று கத்தினேன். டைரக்டர் திரும்பி முறைத்தார். "கட் எவரு செப்பாரு?" யார் கட் சொன்னது என்று.

நான் கேமராவை விட்டு எழுந்துவிட்டேன். எனக்கும் நீச்சல் தெரியாது.

"அண்ணா! நடிப்பு இல்லண்ணா, எறங்குண்ணா!"

முனிரத்னம் கயிற்றைப் போட்டுவிட்டு அப்படியே குதித்தார். தண்ணீருக்கடியில் பம்ப்செட் குழாயில் புடவை சுற்றியிருந்தது. அதைக் கிழித்துத்தான் மேலே கொண்டுவர முடிந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து ராஜம்மா தண்ணீராகக் கக்கினார். மூச்சு திரும்பியதும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"கேமராவ பாத்துட்டேன் தம்பி... ஷாட்டு வீணாப்பூடுச்சா?"

மாமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

சென்னையில் அந்த ரஷ்ஸை, வெட்டி ஒட்டாத ஃபிலிமை, போட்டுப் பார்த்தோம். அவர் பார்த்ததற்கும் நான் எழுந்ததில் கேமரா ஆடியதற்கும் நடுவில் ஒரு நொடிதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். திரையில் அது முடியவே இல்லை. ராஜம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். நான் படம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பார்வைக்கு முன்னால் வெட்டி, அதுவரைக்கும் உள்ளதைப் படத்தில் வைத்துக்கொண்டார்கள். திருப்பதியில் முதல் காட்சி பார்க்கப் போனேன். அந்த இடத்தில் கைதட்டல். ஒளிப்பதிவு பிரமாதம் என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னார். படம் முடியுமுன்னே வெளியே வந்துவிட்டேன்.

டைரக்டர் ஆக வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். கதை சொல்லும் ஆசை எல்லாம் அப்புறம் வந்தது. 'கட்' என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது... அதுதான் முதல் காரணம்.

ராஜம்மா நன்றாக இருக்கிறார். அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வருவேன். "அந்தக் கெணத்துல மட்டும் எறங்கறதில்ல தம்பி" என்று சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

போன மாதம் திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரி பக்கம் ஷூட்டிங். இப்போது பெரிய மானிட்டர், பத்து பேர் சுற்றி நின்று பார்க்கிறோம். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் 'கட்' சொல்லலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நடிகர் படியில் தடுமாறுகிற காட்சி. நிஜமாகவே விழுகிறார் என்று நினைத்து உதவி கேமராப் பெண் 'கட்' என்று கத்திவிட்டாள். நல்ல டேக் போயிற்று. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அவள் வெளிறி நின்றாள்.

"நல்ல வேல செஞ்சம்மா. டீ குடிச்சிட்டு இன்னொரு தபா எடுக்கலாம்" என்றேன்.

என் படங்களுக்கு நானே ஏன் கேமரா பிடிப்பதில்லை என்று கேட்கிறீர்கள். ஆசை இல்லாமல் இல்லை. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற அழகு எந்த மானிட்டரிலும் எனக்குக் கிடைக்கவில்லை...

ஆனால் அதைத் தனியாகப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.