எண்ணெய்த் தொட்டியும் பக்கத்து வீட்டு ஆட்டோவும்

பிள்ளைகளா, கிணற்றில் டீசல் மிதந்த அந்த வாரத்தைப் பற்றி நீங்கள் இருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கல் அறுக்கும் வாளை உங்களுக்காகத்தான் செய்தேன். விழிஞ்ஞம் கடற்கரையில் நீங்கள் பொறுக்கி வந்த கல்லை இரண்டாக அறுத்து, உள்ளே ஓடும் வரிகளைக் காட்ட ஆசை. ஒரு பழைய மோட்டார், வைரத்தூள் பதித்த வட்டத் தகடு, அதன் கீழே இரும்புத் தகட்டை மடக்கி நான் செய்த தொட்டி. தொட்டியில் எண்ணெய் நிற்கும். சுழலும் வாளின் அடி அதில் நனைந்து எண்ணெயைக் கல்லுக்குக் கொண்டுபோகும். இல்லையென்றால் சூட்டில் வாள் பாழாகிவிடும். மிஷின் ஆயில் கெட்டியாக இருந்ததால் பாதிக்குப் பாதி டீசல் கலந்தேன்.

முதல் தடவை ஊற்றியதும் நான்கு மூலையும் கசிந்தன.

சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவன் நான். ஓட்டை அடைக்கும் சிலிக்கோன் பசை வாங்க வருகிறவர்களிடம் தவறாமல் சொல்வேன்: “எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவணும். பூசினப்புறம் ஒரு நாள் தொடப்படாது.” அன்றைக்கு நீங்கள் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றீர்கள். மறுநாள் நாகர்கோவிலில் கல்யாணம் வேறு. பழைய பனியனால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, மூலைகளில் சிலிக்கோனை இழுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் மேஜை விசிறி. பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சொட்டவில்லை.

“பாத்தியளா, அப்பா அடைச்சா அடைச்சதுதான்” என்றேன்.

தண்ணீரைக் கொட்டி எண்ணெயை நிரப்பியதும் கரண்ட் போய்விட்டது. கல்லை அறுக்காமலே ஊருக்குக் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, நம் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவான கிணற்றடியில் சத்தம். மலையாளியான வீட்டுக்கார அம்மா பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

“ஞான் அன்னே பறஞ்சதல்லே, வண்டியக் கெணத்துப் பக்கம் நிறுத்தாதேன்னு? கெணத்து வெள்ளம் முழுக்க டீசல்!”

“அம்மா, என் வண்டி ஒழுகல. வேணா அடியில குனிஞ்சு பாருங்க.”

“குனியறதுக்கு முட்டு வேதனை. எனக்கு மூக்கு போரும். மாசம் முடியறதுக்குள்ள வீட்ட ஒழிஞ்சு தரணும்.”

அந்த அம்மாவுக்குப் பின்னால், வாளை வைத்திருந்த நம் சாய்ப்புக் கொட்டகை தெரிந்தது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு கறுத்த ஈரக் கோடு துவைக்கல்லைச் சுற்றி ஓடி, கிணற்றுச் சுவரின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. நான் பார்த்துவிட்டேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “நிங்க இரும்புக்கடையில உள்ள ஆளல்லே, பறயுங்க” என்றார்.

“டீசல் வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்மா” என்றேன்.

நீங்கள் இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். சாவியைத் தேடுவது போல நான் பையைக் குடைந்தேன்.

உள்ளே போய்த் தொட்டியைக் கவிழ்த்தேன். பிசுக்கின் மேல் பூசிய சிலிக்கோன் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். அப்புறம் எல்லாரும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். ஆட்டோ தெருவுக்குப் போனது. தினமும் நான் வேலைக்குக் கிளம்பும்போது அதன் அடியிலிருந்து காக்கிக் கால்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும்.

நான்காம் நாள் ஆட்டோக்காரர் கடைக்கே வந்தார்.

“அண்ணாச்சி, ஒர்க்‌ஷாப்புல ஒழுகலைன்னுட்டான். ஆனா கெணத்துல டீசல் கெடக்கே, எங்கயோ ஓட்டை இருக்கும்லா. நல்ல பசையா ஒண்ணு தாங்க. எப்படிப் பூசணும்னும் சொல்லித்தாங்க.”

“எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா...” என்று என் வாய் தானாகத் தொடங்கியது.

“ஒம் வண்டியில ஓட்டை இல்லப்பா. என் தொட்டியிலதான்.”

கையில் எடுத்திருந்த பசைக் குழாயை அவர் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

“நாலு நாளா வண்டிக்கு அடியில கெடந்து முதுகு போச்சு அண்ணாச்சி. எம் பொண்டாட்டியே என்னை நம்பல. நீங்க கல்லறுக்கவா மிஷின் செஞ்சிய, எங்க குடித்தனத்தை அறுக்கவா?” கடைப்படி இறங்கித் திரும்பினார். “எங்கிட்டச் சொன்னாப் போதாது. அம்மாட்டப் போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்.”

போனேன். சொன்னேன். வீட்டுக்கார அம்மா கேட்டார்: “அப்போ, வண்டி ஒழுகும்னு பறஞ்சது தெரிஞ்சிட்டுத்தானா?”

“தெரிஞ்சுதான்மா.”

“பிள்ளைகளைப் பக்கத்துல வச்சிட்டா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டோக்காரரை வீடு காலி பண்ணச் சொன்ன அந்த வாய் என்னை அப்படிச் சொல்லவில்லை. கடைக்காரன், மரியாதைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ. சொல்லியிருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு நாள் மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்தேன். வெடிப்பைப் பூசினேன். வீடு ஒழியவேண்டாம் என்று அந்த அம்மா ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டார். ஆனால் அந்த மனுஷன் தன் வண்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து நிறுத்தவில்லை.

புதுத் தண்ணீர் ஊறிய ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் அம்மாவோடு பழவங்காடி கோயிலுக்குப் போயிருந்தீர்கள். அடுத்த வீட்டிலும் யாருமில்லை. வேறு யாரும் குடிப்பதற்கு முன்னால் ஒரு வாளி இறைத்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். தொண்டையில் டீசல் வாடை லேசாக நின்றது. மீதியைக் கொட்டிவிட்டு வாளியை மறுபடியும் இறக்கினேன்.